ஏழாவது வீடு

எங்கள் ஊரில் உயிர்ப்பு ஞாயிறு
இலை உதிரும் காலத்தில் வரும்.
பாப்லர் மரங்கள் மஞ்சளைக் கொட்டிக்கொண்டிருக்க
வெண்ணிறப் பூக்களுக்கு நடுவே நின்று
அல்லேலூயா என்போம்.
அத்தாட்சிக்கு ஒரு தளிர்கூடக் கிடையாது.
கிழக்கே ஆண்டிஸ் மட்டும்
முதல் பனியைப் போர்த்திக்கொண்டு
கூச்சத்தோடு நிற்கும்.

அடுத்த ஞாயிறு குவாசிமோதோ.
நடக்க மாட்டாதவர்கள் வீட்டுக்கு
நற்கருணை போகும் நாள்.
முன்னொரு காலத்தில் வழிப்பறிக்குப் பயந்து
சாமியாரோடு குதிரைக்காரர்கள் போனார்களாம்.
இப்போதும் போகிறோம்:
குதிரை பதினொன்று,
மிதிவண்டி நாற்பத்திரண்டு,
ரூபெர்த்தோவின் தக்காளி லாரி.

நோயாளிகள் பட்டியல் என் பொறுப்பு.
தவக்காலத்து ஞாயிறுகளில் பூசை முடிந்ததும்
கதவோரம் நோட்டுப்புத்தகத்தோடு நிற்பேன்.
பெயர் சொல்வார்கள்.
கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள்.
எதுவிகெஸ் – மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
தொன் நிபால்தோ – காது கேட்காது, ஜன்னலைத் தட்டவும்.
ஒர்த்தென்சியா – நாய் உண்டு, குருக்களை மட்டும் கடிக்கும்.
இடையில் போய்ச் சேர்ந்தவர்களின் வரியை
அந்த வருடம் வெறுமையாக விட்டுவைப்பேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சனி இரவு,
காகிதப் பூ ஒட்டிய பசை விரலில் காய்வதற்குள்
கடைசியாக ஒருமுறை புரட்டினேன்.
செனோபியாவுக்காக விட்டிருந்த ஏழாம் வரியில்
என் எழுத்தல்லாத எழுத்து.
பேருந்து நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதுவதுபோல்
கொட்டை கொட்டையாக:
அர்னால்தோ. நீலக் கதவு.

என் வீட்டுக்காரர்.
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
இடுப்பு போனபின் நாற்காலியோடு.
கல்யாணத்துக்குப் பிறகு கோவிலுக்குள்
மூன்று சவப்பெட்டிகளின் பின்னால் மட்டும் வந்தவர்.
பக்கத்து அறையில் கால்பந்து வர்ணனை ஓடியது.
நான் கேட்கவில்லை.
அவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

காலையில் தலைக்கு வெள்ளைத் துணி கட்டிப் புறப்பட்டோம்.
மணி முன்னே, சாணம் பின்னே.
நாய் கடித்தது, நல்லவேளை அங்கியை.
எதுவிகெஸ் நீட்டிய நாக்கை
உள்ளிழுக்க மறந்து அழுதாள்.

பிறகு நீலக் கதவு.
என் வீட்டை நானே தட்டி
விருந்தாளியாக உள்ளே போனேன்.
மேசையில் நல்ல விரிப்பு, பின்பக்கம் மேலாக.
மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி.
பொத்தானை ஒன்று தள்ளிப் போட்ட சட்டையில் அவர்.
புதிதாக வந்த தந்தை சிமிழைத் திறக்க,
இவர் கண் அவரைத் தாண்டித் தெருவுக்குப் போனது.
“அந்தச் சிவப்பு வண்டி. பின் சக்கரம்.
காத்து போகுது.”

வில்னேரின் வண்டி.
ஹைட்டியிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் ஆன பையன்.
“உள்ள கொண்டா.”
தந்தை என்னைப் பார்த்தார்.
நான் விரிப்பைப் பார்த்தேன்.
சிமிழ் மூடிக்கொண்டது.
ஆண்டவர் மேசையில் காத்திருந்தார்.
தெருவில் ஊரே காத்திருந்தது.
ஒரு குதிரை எங்கள் ரோஜாவைத் தின்றது.
ட்யூபைப் பிதுக்கி, எச்சில் தொட்டு,
குமிழி வரும் இடம் தேடி,
உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, ஊதி,
மெழுகு வாசனையை ரப்பர் பசை வாசனை
மெல்ல மெல்ல வென்றுகொண்டிருக்க,
யாரும் இருமக்கூட இல்லை.

முடிந்ததும் கைகளைக் கால்சட்டையில் துடைத்தார்.
திருப்பிப் பார்த்தார். கருப்பு.
“வாயிலயே குடுங்க சாமி” என்றார்.

நாற்பத்திரண்டு மணிகள் ஒன்றாக அடித்தன.
என்னுடையது சற்றுத் தாமதமாக.

அடுத்த ஞாயிறு பூசைக்கு அவர் வரவில்லை.
பூசை முடிந்து வில்னேர் வந்தான், எங்கள் வீட்டுக்கு,
நான்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு
நான்கு பேரோடு.
எம்பனாதா போதாமல்
ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்தேன்.

இரவு நோட்டைத் திறந்து,
கொட்டை எழுத்துக்குக் கீழே
என் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
பம்பு உண்டு.